அடிபம்பு பழுதானால் யாரைக் கூப்பிடுவார்கள்? வெளிநாட்டுக் கிராமத்தில் தன்னார்வப் பணி: ஒரு விளக்கம்

"ஆப்பிரிக்கக் கிராமத்தில் இரண்டு வாரம் தன்னார்வப் பணி, சான்றிதழ் உண்டு" என்று ஒரு விளம்பரம் வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கணிசமான கட்டணம் கேட்கிறார்கள். இன்னொரு அறிவிப்பு, அதே மாதிரி ஒரு கிராமத்தில் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய விமானச் செலவு, மாதப்படி, மருத்துவக் காப்பீடு எல்லாம் தருவதாகச் சொல்கிறது. இரண்டுக்கும் பெயர் தன்னார்வப் பணிதான். போதாக்குறைக்கு, 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவித் திட்டங்களைப் பெருமளவு நிறுத்தியதிலிருந்து, "இருக்கிற திட்டங்களே மூடப்படும்போது புதிதாகப் போய் என்ன செய்வது?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

படித்து முடித்த, அல்லது சில வருடம் வேலை பார்த்த இளைஞர்கள் பலருக்கு இந்த ஆசை உண்மையாகவே இருக்கிறது. நல்ல ஆசை அது. அதனால்தான் அது எங்கே பயன்படும், எங்கே வீணாகும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் மலாவியை எடுத்துக்கொள்வோம். தான்சானியா, மொசாம்பிக், சாம்பியா மூன்றுக்கும் நடுவே உள்ள சிறிய நாடு. சுமார் 2 கோடி மக்கள். பத்தில் எட்டுப் பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள்.

யார் அனுப்புகிறார்கள்?

முதல் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் ஏற்பாடுகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. அரசு அனுப்புவது. அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-இல் கென்னடி தொடங்கியது; ஜப்பானின் வெளிநாட்டுத் தன்னார்வலர் திட்டம் 1965-இல் வந்தது. இவற்றில் அந்தந்த நாட்டுக் குடிமக்கள்தான் சேர முடியும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இவற்றுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. ஆனால் இவர்கள் நடத்தும் முறையிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

2. ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் உருவானது; தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு. அதற்கு மேல் என்றால் பணி அனுபவம் கேட்பார்கள். மாதாமாதம் கொடுப்பது சம்பளம் ஆகாது. அந்த ஊரில் எளிமையாக வாழப் போதுமான 'வாழ்க்கைப்படி' அது. விண்ணப்பத்துக்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி.

3. தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான ஆளைத் தேடி எடுப்பது. செவிலியர், நீர்ப் பொறியாளர், கணக்கர் என்று குறிப்பிட்ட திறமை கேட்பார்கள்.

4. கட்டணம் வாங்கி அனுப்பும் நிறுவனங்கள். இங்கே தன்னார்வலர்தான் வாடிக்கையாளர். அவருக்குப் பிடித்த அனுபவத்தை, அவருக்கு விடுமுறை கிடைக்கும் தேதியில் ஏற்பாடு செய்வதுதான் தொழில்.

கட்டணம் வாங்கும் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. தங்குமிடம், சாப்பாடு, மேற்பார்வை எதுவும் இலவசமாக வருவதில்லை. பார்க்க வேண்டியது, அந்த வேலையை யார் கேட்டார்கள் என்பதை. கிராமம் கேட்டதா, நிறுவனம் விற்றதா?

மதராஸிலிருந்து போன பம்பு

கிராமத் திட்டம் ஏன் நிலைக்கிறது, ஏன் சாய்கிறது என்று புரிந்துகொள்ள நம் தெருமுனை அடிபம்பை விட நல்ல பாடம் கிடையாது.

1960-களின் பிற்பகுதியில் வட இந்தியாவில் கடும் வறட்சி. யுனிசெஃப் உதவியுடன் பாறை துளைக்கும் இயந்திரங்கள் வந்தன; கிராமம் கிராமமாக ஆழ்துளைக் கிணறு போட்டு மேலே வார்ப்பிரும்பு அடிபம்பு வைத்தார்கள். 1974-இல் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்பு வேலை செய்யவில்லை. காரணம் மிக எளிது. அந்தப் பம்புகள் ஒரு வீட்டுக்கு என்று செய்யப்பட்டவை. ஊரே வரிசையில் நின்று நாள் முழுக்க அடித்தால் அவை தாங்காது.

அப்போது மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு சிறிய பட்டறை எஃகில் செய்த உறுதியான பம்பு ஒன்று நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. அதை அடிப்படையாக வைத்து, மதராஸில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பட்டறையில் மேம்படுத்தி உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. பிற்பாடு அது ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. இன்று உகாண்டாவிலும் மாலியிலும் ஒரு கிராமத்துப் பம்பைப் பார்க்கும் தமிழருக்குப் பழகிய முகம் போலத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மார்க் 2-இல் வாஷர் தேய்ந்தால் கிணற்றுக்குள் இருக்கும் பைப் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் தூக்கும் கருவிகளும் வண்டியும் வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகம் பக்கத்தில் இருந்து வண்டி வரும் இடத்தில் இது ஓடும். சாலையே இல்லாத ஊரில்? ஆகவே 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நீண்ட களச் சோதனை நடந்து, பைப்பைத் தூக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கும்படியான மார்க் 3 வந்தது. அதே காலத்தில் கென்யாவிலும் மலாவியிலும் 'ஆஃப்ரிடெவ்' என்ற பம்பு உருவானது. ஒரே ஒரு ஸ்பேனர் போதும், கிராமத்துப் பெண்களே கழற்றிப் பூட்டலாம் என்பதுதான் அதன் நோக்கம். மலாவியில் இன்று பரவலாக இருப்பது இதுதான்.

இவ்வளவு யோசித்துச் செய்த பம்பும் நிற்கத்தான் செய்கிறது. 2009-இல் ஆப்பிரிக்காவின் 20 நாடுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிபம்புகள் இயங்காமல் இருந்தன. பெரும்பாலும் ரப்பர் சீல், பிளாஸ்டிக் புஷ் மாதிரி சிறிய உதிரிபாகங்கள்தான் தேய்ந்திருக்கும். அதை எந்தக் கடையில் வாங்குவது, யார் காசு தருவது, பூட்டத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா, வேறு ஊருக்குப் போய்விட்டாரா என்ற கேள்விகளில்தான் பம்பு நின்றுவிடுகிறது.

இங்கேதான் தன்னார்வலரின் இடம் தெரிகிறது. பம்பு வைக்க ஆள் இருக்கிறது, நிதியும் ஏதோ ஒரு வழியில் வந்துவிடுகிறது. பம்புக் குழு கூடுகிறதா, மாதச் சந்தா சேருகிறதா, கணக்கு எழுதப்படுகிறதா, உதிரிபாகம் விற்கும் கடைக்காரருக்கு அதில் லாபம் இருக்கிறதா என்று பொறுமையாக ஒரு வருடம் உடன் இருந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

சுழலும் ராட்டினத்தின் பாடம்

இதற்கு நேர் எதிரான கதை தென் ஆப்பிரிக்காவில் பிறந்த 'பிளேபம்ப்'. குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாட, அந்த விசையில் தண்ணீர் மேலே ஏறித் தொட்டியில் நிரம்பும். கேட்டவுடன் யாருக்கும் பிடித்துப் போகும் யோசனை. 2006-இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையில் 1.64 கோடி டாலர் உதவியை அறிவித்தார். 2010-க்குள் 4,000 பம்புகள் வைப்பது இலக்கு.

நடந்தது வேறு. ஒரு பிளேபம்பின் விலை சுமார் 14,000 டாலர். சாதாரண அடிபம்பை விடப் பல மடங்கு. சொன்னபடி 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் தினமும் 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் பள்ளிக்குப் போனதும், தண்ணீர் வேண்டிய பெண்கள் குனிந்து அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள். 2010-இல் திட்டம் வேறு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த விஷயம் வெளியே தெரிய வந்ததில் மலாவியில் தங்கியிருந்த கனடாவின் பொறியாளர் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பம்புகளைப் போய்ப் பார்த்து, தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் கேட்டு, புகைப்படத்துடன் எழுதினார். அவர் எந்தப் பம்பையும் கட்டவில்லை. ஆனாலும் ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று அது என்பேன். அந்தக் கனடா அமைப்பு 2008-லிருந்து தன் தோல்விகளையே தனி அறிக்கையாக வெளியிட்டு வந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஏன் போதாது?

பீஸ் கோரின் பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் வெறும் பயிற்சி. உள்ளூர்க் குடும்பம் ஒன்றுடன் தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, மொழி படிப்பது. மலாவி என்றால் சிச்சேவா. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிதான், ஆனால் கிராமத்துக் குழுக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்காது.

காலத்தை வேறு விதமாகவும் கணக்கிட வேண்டும். மலாவியில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைப்பு. யாருக்கும் கூட்டத்துக்கு வர நேரமிருக்காது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள்: போன வருடத் தானியம் தீர்ந்து, புதியது வராத காலம். அப்போது வந்து "சந்தா கொடுங்கள்" என்று பேசினால் எடுபடாது. அறுவடை முடிந்த பின், ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் ஊர் உட்கார்ந்து பேசும். ஒரு முழு வேளாண் சுற்றைப் பார்க்காதவருக்கு இந்த ஊரின் பணம் எப்போது வருகிறது, எப்போது வற்றுகிறது என்பதே தெரியாது. நம் ஊரில் தை மாதத்தில் பேசுவதற்கும் ஆடியில் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

குறுகிய காலத்தில் பயன்படும் வேலைகளும் உண்டு. கண் அறுவை முகாமுக்கு வரும் மருத்துவர், சூரிய மின் அமைப்பின் பழுது பார்க்கும் எலெக்ட்ரீஷியன், கணக்குத் தணிக்கை சொல்லித் தருபவர். கையில் முடிந்த திறமை, எல்லை தெரிந்த வேலை. அதுவன்றி பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசவும் செங்கல் அடுக்கவும் கடல் தாண்டிப் போவது, அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கிடைக்க வேண்டிய கூலியை எடுத்துக்கொள்வதாகும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்

குழந்தைகள் இல்லத்தில் சில வாரத் தன்னார்வப் பணி என்று வந்தால் மறுத்துவிடுங்கள்.

கம்போடியாவில் 2011-இல் வெளியான ஆய்வு, இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்ததைக் காட்டியது. நேபாளத்தில் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு, பொக்காரா, சித்வன் போன்ற சுற்றுலாப் பயணிகள் வரும் பகுதிகளிலேயே இருக்கின்றன. தேவை அதிகமுள்ள தொலைதூர மலை மாவட்டங்களில் மிகக் குறைவு. வெளிநாட்டார் வருகையும் நன்கொடையும் இருப்பதாலேயே குழந்தைகளைக் கிராமத்திலிருந்து கொண்டுவரும் தரகர்கள் உருவானார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் இயற்றியபோது இந்தச் சுரண்டலையும் விவாதத்துக்குள் கொண்டுவந்தது. மாதம் ஒரு புதிய அண்ணனும் அக்காவும் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைகளின் மனதை என்ன செய்யும் என்று யோசித்தால் போதும். நேபாளம் போக நமக்கு விசா தேவையில்லை என்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் எளிதாகப் போய்வர முடியும். அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேருமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை

1. இந்த வேலையைக் கேட்டது யார்? கிராமக் குழுவோ, மாவட்ட அலுவலகமோ, உள்ளூர்த் தொண்டு நிறுவனமோ ஒரு பெயர் வர வேண்டும்.
2. என்னுடன் வேலை செய்யப்போகும் உள்ளூர் உடன்பணியாளர் யார்? அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? உடன்பணியாளர் இல்லாத பணியிடம் என்றால், நீங்கள் திரும்பிய மறுநாள் அந்த வேலை நின்றுவிடும்.
3. எனக்கு முன் வந்தவர் என்ன செய்தார், அது இப்போது ஓடுகிறதா? அவரிடம் பேச முடியுமா?
4. கட்டணம் வாங்கினால், எவ்வளவு அந்தக் கிராமத்திலேயே செலவாகிறது?
5. எந்த விசாவில் போகிறேன்? "சுற்றுலா விசா போதும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். தான்சானியாவில் தன்னார்வலருக்கென்று தனி வகை வசிப்பு அனுமதியே இருக்கிறது. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான், அனுப்பியவர்கள் அல்ல.
6. காவல்துறைச் சான்று கேட்கிறார்களா? பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக அது எளிதில் கிடைக்கும். யாரையும் எதையும் விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு, கிராமத்து மக்களின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று பொருள்.

உடம்புக்கு

மலாவிக்கு நம் ஊரிலிருந்து போகும் பயணம் பெரும்பாலும் ஆடிஸ் அபாபா அல்லது நைரோபி வழி. இரண்டும் மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளில் இருப்பதால் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுக்க. உகாண்டா போன்ற நாட்டிலிருந்து அந்தச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைக்கலாம்.

மலேரியா வருடம் முழுவதும் உண்டு. மாத்திரையும் கொசுவலையும் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே. மலாவி ஏரி பார்க்க அழகானது, ஆனால் கரையோர நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் இருக்கிறது. குளித்திருந்தால் திரும்பியதும் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று மாதம்

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் 'ம்ஃபூமு', அதாவது ஊர்த் தலைவர். அவரிடம் அனுமதி பெறாமல் கூட்டம் கூட்டினால் யாரும் வர மாட்டார்கள். வழியில் பார்ப்பவரிடமெல்லாம் "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரிக்காமல் கடந்து போவது மரியாதைக் குறைவு. ஊரில் சாவு விழுந்தால் எல்லா வேலையும் நிற்கும். தன்னார்வலரும் போய் உட்கார வேண்டும்.

இந்தியருக்கு என்று ஒரு தனிச் சூழலும் உண்டு. மலாவியில் இந்திய வம்சாவளி வணிகர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். 'அம்வென்யே' என்று அவர்களைச் சொல்வார்கள். 1970-களில் அப்போதைய அதிபர் பண்டாவின் ஆட்சி, கிராமங்களில் கடை வைத்திருந்த ஆசியர்களைச் சில நகரங்களுக்குள் ஒதுக்கியது. ஆகவே நீங்கள் வந்து நின்றதும் "இவர் என்ன கடை வைக்கப் போகிறார்?" என்று ஊர் நினைக்கலாம். கோபப்பட ஒன்றுமில்லை. வெள்ளைக்காரரிடம் நன்கொடை எதிர்பார்ப்பார்கள், உங்களிடம் வியாபாரம் எதிர்பார்ப்பார்கள். இரண்டுமில்லாமல் உட்கார்ந்து கேட்கும் ஒருவராக அறியப்படச் சில மாதங்கள் ஆகும்.

அப்புறம், கேட்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஊர் மக்களே தரையில் குச்சியும் விதையும் கோலப்பொடியும் வைத்துத் தங்கள் ஊரின் வரைபடத்தைப் போடுவது. எந்த வீட்டுக்கு எந்தக் கிணறு, எந்தப் பாதையில் இரவில் பயம், எந்த மாதம் பசி என்று அவர்களே குறிப்பார்கள். தொண்டு நிறுவனங்களில் 'பி.ஆர்.ஏ.' என்று சொல்லப்படும் இந்தப் பங்கேற்பு மதிப்பீடு, 1980-களின் இறுதியில் பெருமளவு இந்தியக் கிராமங்களில் உருப்பெற்றது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்யும் மைராடா என்ற தொண்டு நிறுவனம் அதில் முன்னோடி. நம் வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கும்போது செய்வதும் இதைத்தான். அதை மதிப்பெண்ணுக்காக இல்லாமல் மனமார்ந்து செய்திருந்தால், அதுவே வெளிநாட்டுக் கிராமத்தில் முதல் கருவி. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். ஆண்கள் போடும் படத்தில் சாலையும் சந்தையும் பெரிதாக வரும். பம்பு எங்கே பழுதாகிக் கிடக்கிறது என்பது பெண்கள் போடும் படத்தில் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் எடுப்பது அவர்கள் வேலை.

திடீரென்று கிளம்ப நேர்ந்தால்

2020 மார்ச்சில், கொரோனா காரணமாக, பீஸ் கோர் தன் வரலாற்றில் முதல் முறையாக எல்லாத் தன்னார்வலர்களையும் ஒரே நேரத்தில் திரும்ப அழைத்தது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பேர் சில நாட்களில் மூட்டை கட்டினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மார்ச்சில், அந்த உதவியை நடத்திவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலையில் அந்த அமைப்பே மூடப்பட்டது. மலாவி போன்று அந்த உதவியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகளில் வண்டி, மருந்து, களப்பணியாளர் சம்பளம் என்று எல்லாமே ஒரே நேரத்தில் நின்றன.

இனி போகிறவர், ஒரு வருட ஒப்பந்தம் நாலாவது மாதத்தில் முடியலாம் என்று எண்ணியே தொடங்க வேண்டும். இதனால் வேலையின் வடிவமே மாறுகிறது. கார் இருந்தால்தான் ஓடும் வேலையைத் தொடங்கக் கூடாது. பம்புக் குழுவின் சந்தாக் கணக்கு, உதிரிபாகம் கிடைக்கும் கடை, வட்டார மெக்கானிக்கின் தொலைபேசி எண் எல்லாம் தன்னார்வலரின் லேப்டாப்பில் இருந்தால் அவருடன் சேர்ந்து விமானம் ஏறிவிடும். குழுச் செயலாளர் தன் கையெழுத்தில், சிச்சேவாவில் எழுதிய நோட்டில் அவை இருக்க வேண்டும். முதல் மாதத்திலிருந்தே அந்த நோட்டு அவரிடம்தான் இருக்க வேண்டும்.

பம்பு பழுதாகும்போதும் அப்படித்தான். முதல் முறை மெக்கானிக் கழற்றுவார், குழுப் பெண்கள் பார்ப்பார்கள். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து. அதற்கடுத்த முறை பெண்களே ஸ்பேனரைப் பிடித்து, ராடை ஒவ்வொன்றாக உருவி, தேய்ந்த சீலை மாற்றிப் பூட்டுவார்கள். தன்னார்வலர் அப்போது தள்ளி நின்று, புது சீல் வாங்கிய காசு நோட்டில் ஏறிவிட்டதா என்று மட்டும் கேட்டால் போதும்.